முதல் கெட்டிமேளம்

என் கல்யாணத்தில் கெட்டிமேளம் இரண்டு தடவை கொட்டினார்கள். இரண்டாவதுதான் தாலிக்கு.

முதலாவது எதற்கு என்று கேட்டால் எங்கள் குடும்பத்தில் ஆளுக்கு ஆள் முந்திக்கொண்டு சொல்ல வருவார்கள். ஒவ்வொரு வருஷமும் கதை ஒரு சுற்றுப் பெருத்துக்கொண்டே போவதால், நானே உள்ளபடி எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். (நானும் கொஞ்சம் ஊதத்தான் செய்வேன். என் கல்யாணம், எனக்கு அந்த உரிமைகூட இல்லையா?)

மதுரையில் ஒரு பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியில் எனக்கு வேலை. எவ்வளவு பெரிய கம்பெனி என்றால், பாத்ரூமில் குழாய் ஒழுகினால் அதைப் புகார் செய்வதற்கென்றே தனியாக ஓர் இணையப் பக்கம் உண்டு. பக்கம் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். குழாய் பாட்டுக்கு ஒழுகிக்கொண்டிருக்கும்.

கல்யாண மண்டபங்களுக்கான புக்கிங் ஆப் ஒன்றை எங்கள் டீம் செய்துகொண்டிருந்தது. தேதியைத் தொட்டதும் பச்சை வந்தால் மண்டபம் காலி, சிவப்பு வந்தால் இல்லை. அதில் காலண்டர் பகுதி முழுக்க என்னுடையது. (சட்டப்படி கம்பெனியுடையது. ஆனால் அதில் ஒரு வரி தப்பினால் எனக்குத்தான் சோறு இறங்காது.)

ஒரு நாள் என்றால் நள்ளிரவு முதல் மறு நள்ளிரவு வரை என்று மேலிடத்திலிருந்து எழுதிக் கொடுத்திருந்தார்கள். நானும் அப்படியே எழுதி முடித்துவிட்டு, சாப்பிட உட்கார்ந்தபோதுதான் பொறி தட்டியது. நம் ஊரில் வெள்ளிக்கிழமை காலை முகூர்த்தம் என்றால் வியாழக்கிழமை மதியமே மண்டபத்தில் சாமான் இறங்கிவிடும். சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு, அப்புறம் பந்தி. வெள்ளிக்கிழமைக் கல்யாணத்தில் பாதி வியாழக்கிழமையே முடிந்துவிடுகிறது. எங்கள் ஆப்போ அந்த வியாழக்கிழமையைப் பச்சையாகக் காட்டி இன்னொருவருக்குக் கொடுத்துவிடும்!

அதை அந்த வார இறுதியிலேயே சரிசெய்து எழுதிவிட்டேன். மேனேஜர் ஒப்புதல் கொடுத்தால் போதும். மேனேஜர் பிரபு சார் நல்ல மனிதர். யாரையும் அதட்ட மாட்டார், யாருக்கும் இல்லை என்று சொல்ல மாட்டார். எதைக் கேட்டாலும் "பாக்கலாம்" என்பார். அவர் அப்படிப் பார்த்தது எதையும் நாங்கள் பார்த்ததில்லை.

"சார், உங்க கல்யாணத்துக்கு ரிசப்ஷன் எப்ப நடந்துச்சு?" என்று கேட்டேன்.

"முந்தின நாள் சாயங்காலம்."

"எங்க சார்?"

"மண்டபத்துலதான்."

"அப்ப நம்ம ஆப்புல புக் பண்ணியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"கவிதா, அது என்னோட கல்யாணம். இது ரெக்வயர்மென்ட்" என்றார்.

அதோடு என் திருத்தம் 'லோ ப்ரையாரிட்டி' என்ற வரிசையில் போய்ப் படுத்துக்கொண்டது. பிழைக்குத் 'தெரிந்த பிரச்சினை' என்று ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள். பெரிய கம்பெனியில் ஒரு பிரச்சினைக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டால் அப்புறம் யாரும் அதைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள்.

நான் விடவில்லை. டீ குடிக்கும் இடத்தில் பேசினேன், கம்பெனி பஸ்ஸில் பேசினேன். அந்தச் சமயத்தில்தான் திருநகரில் எங்கள் வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை செந்தில், மேலூரில் டிராக்டர் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர். இருவரும் தனியாகப் பேசட்டும் என்று மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். மற்ற பெண்கள் என்ன பேசுவார்களோ தெரியாது. நான் காலண்டர் பிழையை ஆதியோடந்தமாக விளக்கினேன்.

செந்தில் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், "நட்டு லூசா இருக்குன்னு தெரிஞ்சும் வண்டிய வெளிய விட்டுட்டாகளா?" என்றார்.

"ஆமாங்க."

"அவுகளுக்கெல்லாம் எப்பிடிங்க தூக்கம் வருது?"

நான் கீழே இறங்கி வந்து சம்மதம் என்று சொல்லிவிட்டேன். (டிகிரி, சம்பளம், உயரம் எதையும் கேட்கவில்லை. உயரத்தை மட்டும் கேட்டிருக்கலாம் என்று போட்டோ பார்க்கும்போது தோன்றும்.)

அடுத்தது மண்டபம். "எம் மக கல்யாணத்துக்கு எம் மக செஞ்ச ஆப்புலதான் மண்டபம் புடிப்பேன்" என்று அப்பா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். பிரபு சார்கூட, "எதுக்கும் முந்தின நாளையும் சேர்த்து புக் பண்ணிடு, சேஃப்" என்றார். அந்த ஒரு பேச்சில்தான் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நான் எழுதிய காலண்டருக்குப் பயந்து நானே இரண்டு நாள் போடுவதா? "நீங்க அப்ரூவ் பண்ணுங்க சார், ஒரு நாளே போதும்" என்றேன். "பாக்கலாம், அடுத்த ரிலீஸ்ல போட்ரலாம்" என்றார். அவர் 'பாக்கலாம்' என்றதை நம்பிய ஒரே ஜீவன் அந்தக் கட்டடத்திலேயே நான்தான்.

வெள்ளிக்கிழமையை மட்டும் புக் செய்தேன். பச்சை சிவப்பானது. அப்பா அதைப் போட்டோ பிடித்துச் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் அனுப்பினார்.

வியாழக்கிழமை மதியம் சீர் சாமான்களோடு வேனில் போய் மண்டப வாசலில் இறங்கினோம். முகப்பில் பூவால் பெரிதாக எழுதியிருந்தார்கள்: 'ரியாஸ் – நஸ்ரின்'.

அப்பா அண்ணாந்து பார்த்தார். "பூக்காரன் பேர மாத்தி மாட்டிட்டுப் போயிட்டான்" என்றார்.

பூக்காரர் சரியாகத்தான் மாட்டியிருந்தார். சமையல் கட்டிலிருந்து பிரியாணி வாசம் வந்தது. மண்டப மேனேஜர் அழகர் அண்ணன் ஓடி வந்தார். முன்பெல்லாம் எந்த விசேஷம் எப்போது என்று விரல் நுனியில் வைத்திருந்த மனிதர் அவர். ஆப் வந்ததும் இனிமேல் நீங்கள் தலையிட வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். "நான் என்னம்மா செய்ய? வியாழக்கிழமைக்குப் பச்சை காட்டுச்சு, குடுத்துட்டேன். வெள்ளிக்கிழமைக்கும் பச்சை காட்டுச்சு, குடுத்துட்டேன்" என்றார்.

கோரிப்பாளையத்தில் இரும்புக் கடை வைத்திருக்கும் காதர் பாய் தன் மகனுக்கு அன்று இரவு வலீமா விருந்து வைத்திருந்தார். காலையில் நிக்காஹ் முடிந்துவிட்டது, விருந்துக்கு ஊரையே அழைத்திருந்தார். அவர் புக் செய்ததும் சரி, நாங்கள் புக் செய்ததும் சரி. இரண்டு வீட்டுச் சமையல்காரர்களும் ஒரே அடுப்பின் முன்னால் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

இன்னும் சிறிது நேரத்தில் மேலூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்துவிடுவார்கள். வந்த இடத்தில் மேடையும் இல்லை, பந்தியும் இல்லை என்றால் மாமியார் முகத்தில் எப்படி முழிப்பேன்? இந்த மானக்கேட்டில் கல்யாணமே நின்றாலும் நிற்கும். அதுவும் நான் எழுதிய காலண்டரால்.

காதர் பாய் என்னிடம் வந்தார். "இந்த ஆப்ப நீதான் செஞ்சேன்னு உங்க அத்தா சொல்றாரு. என்னம்மா இது?"

பதற்றத்தில் என் வாயிலிருந்து ஆபீஸ் பாஷைதான் வந்தது. "இது தெரிஞ்ச பிரச்சினைதாங்க."

"தெரிஞ்ச பிரச்சினையா? தெரிஞ்சேவா வச்சிருக்கீங்க?"

அந்தக் கேள்வியை ஆபீஸில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. எனக்கு அழுகை முட்டியது, கூடவே கோபமும். அழுதுகொண்டு நிற்பதற்கா இத்தனை மாதமாக இந்தப் பிழையோடு குடும்பம் நடத்தினேன்? உலகத்திலேயே இந்தச் சிக்கலைப் பற்றி என்னளவுக்கு யோசித்த ஆள் கிடையாது. தலையில் பாதிப் பூவோடு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"பாய், உங்க விருந்தாளிங்க எப்ப வருவாங்க?"

"பொழுது சாஞ்சு மக்ரிப் தொழுதுட்டுத்தாம்மா வருவாக."

"மேடை வேணுமா?"

"மேடைய வச்சு நான் என்ன செய்ய? ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியா உக்காந்து சாப்புட எடம் வேணும்."

எங்களுக்கோ முதலில் மேடைதான் வேண்டும். மாப்பிள்ளை அழைப்பு, நலங்கு, நிச்சயம் எல்லாம் முடிந்துதான் பந்தி. அப்படியானால் மேடை இருக்கும் மேல் தளம் எங்களுக்கு, கீழே சாப்பாட்டுக் கூடம் அவர்களுக்கு. அவர்கள் பந்தி முடிய எங்கள் சடங்கும் முடியும். அடுப்பில் பிரியாணி இறங்கியதும் எங்கள் இட்லிப் பானை ஏறட்டும். பெயர்ப் பலகையில் ரியாஸ் நஸ்ரினுக்குக் கீழே செந்தில் கவிதா. காதர் பாய் தாடியைத் தடவிக்கொண்டே கேட்டுவிட்டு, "சரி" என்றார். அழகர் அண்ணன், "இத அந்தக் கம்ப்யூட்டரு கேட்டுத் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்றார். அதைத்தானே அண்ணே நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்!

மேலூர்க்காரர்கள் மேளதாளத்தோடு வந்து இறங்கியபோது மேடை தயாராக இருந்தது. ஒரே ஒரு கோளாறு. முந்தின நாள் கவுச்சி கூடாது என்று மாமியார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நலங்கு வைக்க மாமனாரைத் தேடினால் ஆளைக் காணோம். கீழே ரியாஸின் சித்தப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாவது தட்டுப் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "கூப்புட்டாக, மரியாதைக்குப் போனேன்" என்றார் மாமியாரிடம். (மரியாதை சட்டையிலும் கொஞ்சம் சிந்தியிருந்தது.)

அந்த நேரம் பார்த்துத்தான் பிரபு சார் ஒரு பெரிய சுவர்க் கடிகாரத்தோடு மேடை ஏறினார்.

அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க வாங்க, ஒங்களத்தான் அம்புட்டுப் பேரும் தேடிக்கிட்டு இருக்கோம்."

விஷயம் கேள்விப்பட்டுக் காதர் பாயும் மேலே வந்துவிட்டார். "தம்பி, நீங்கதான் இவங்களுக்குப் பெரியவரா? பிள்ள சரி பண்ணி வச்சிருக்காமே, ஏன் போடல?"

பிரபு சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அது வந்து பாய்... லோ ப்ரையாரிட்டில இருந்துச்சு."

"எம் மகன் வலீமா லோ ப்ரையாரிட்டியா?"

"எம் மகன் கல்யாணமுமா?" என்று மாமியார் இந்தப் பக்கத்திலிருந்து கேட்டார். மாமனார் மேலிருந்த கோபமும் அதில் சேர்ந்திருந்தது.

பிரபு சார் இடமும் வலமும் பார்த்தார். கூட வந்த எங்கள் டீம் ஆட்கள் ஐஸ்கிரீம் வாங்கப் போவதுபோல நழுவினார்கள். அவர் என்னிடம், "கவிதா... பாக்..." என்று ஆரம்பித்தார்.

"சார்," என்றார் செந்தில், மாலையும் கழுத்துமாக. "கடிகாரமெல்லாம் வேணாம் சார். அவ எழுதி வச்சிருக்கறத வெளிய விடுங்க. அதுதான் எங்களுக்கு மொய்."

அந்த நிமிஷத்தில் எனக்குச் செந்தில் மேல் வந்த ஆசையை இங்கே எழுத முடியாது, மாமியார் படிப்பார்.

பிரபு சார் போனை எடுத்தார். மேடையில் சிக்னல் இல்லை. ஒரு மூலையில் மேளக்காரர்களுக்குப் பக்கத்தில்தான் கிடைத்தது. இரண்டு குடும்பமும் அவரைச் சுற்றி நின்று போனை எட்டிப் பார்த்தது. என் திருத்தத்தைத் திறந்தார், அன்றைக்குத்தான் முதல் தடவையாக அதைப் படித்தார். நிமிர்ந்து, "நல்லாதான் எழுதியிருக்க" என்றார். ஒப்புதல் பொத்தானை அழுத்தினார். முடிந்தது என்று எல்லோருக்கும் காட்டுவதற்காக வலது கையை உயரத் தூக்கி ஆட்டினார்.

மேளக்காரருக்குப் பாவம் என்ன தெரியும்? மேடையில் பெரிய மனிதர் ஒருவர் கையைத் தூக்கினால் அவருக்கு ஒரே அர்த்தம்தான். கெட்டிமேளத்தைப் பிளந்து கட்டிவிட்டார். நாயனமும் சேர்ந்துகொண்டது. கீழே பந்தியில் இருந்தவர்கள் பதறி எழுந்து ஓடி வந்தார்கள். அத்தை ஒருத்தி, "அதுக்குள்ள தாலி கட்டிட்டாகளா?" என்று அலறினாள். யாரோ கையிலிருந்த பூவை எடுத்து எங்கள் தலையில் போட, மற்றவர்களும் போட்டார்கள். பிரபு சார் தலையிலும் விழுந்தது.

சாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் இருக்கலாம். எழுதிய கோடுக்குக் கெட்டிமேளம் வாங்கியவள் நான் ஒருத்திதான். எனக்குப் பெருமை தாங்கவில்லை, இன்றைக்கும் தாங்கவில்லை.

மறுநாள் காலை தாலி கட்டும்போது மேளக்காரர் மிக ஜாக்கிரதையாக இருந்தார். ஐயர் கையைத் தூக்கிய பிறகும் அப்பாவைப் பார்த்து, "இது நெசந்தானண்ணே?" என்று கேட்டுவிட்டுத்தான் கொட்டினார்.

கம்பெனி ஒன்றும் திருந்திவிடவில்லை, குழாய் இன்னும் ஒழுகுகிறது. ஆனால் நான் ஏதாவது பிழையைச் சொன்னால் மட்டும் பிரபு சார், "உங்க வீட்டுல ஏதாச்சும் விசேஷம் வருதா?" என்று கேட்பார். வருகிறது என்றால் உடனே ஒப்புதல். அதனால் எங்கள் வீட்டில் மாதம் தவறாமல் ஏதாவது ஒரு விசேஷம் வந்துகொண்டே இருக்கிறது.

போன வருஷம் உண்மையாகவே ஒன்று வந்தது. எங்கள் மகனுக்குக் காதுகுத்து. அதே மண்டபத்துக்கு அப்பாவோடு போனேன். அழகர் அண்ணன் ஆப்பைத் திறந்து தேதியைத் தொட்டார். திரையில் ஒரு கேள்வி வந்தது: 'முந்தின நாள் சாயங்காலமே மண்டபம் வேண்டுமா?'

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைச் சத்தமாக வாசித்தார். பக்கத்தில் புக் செய்யக் காத்திருந்த முன்பின் தெரியாதவரிடம், "இந்தக் கேள்வி எம் மக எழுதுனது" என்றார். பிறகு வலது கையை உயரத் தூக்கினார். அழகர் அண்ணன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் மேசையில் கெட்டிமேளம் கொட்டினார்.