சீல் வைத்த பெட்டி

சூப்பர்வைசர் அந்த அறிவிப்பை வெளியிட்டபோது அவர் கையில் பேக்கிங் டேப் சுருள் இருந்தது. அது கையில் இருந்தால்தான் அவருக்குப் பேச்சே சரளமாக வரும்.

"கேட்டுக்கோ. நாளைக்கு இந்த வீட்டிலிருந்து கிளம்பறது ஒரு பெட்டி, ஒரு பை. அவ்வளவுதான். ஆளுக்கு ரெண்டு செட் துணி. மூணாவது செட்டுக்கு அனுமதி இல்லை."

"குழந்தைக்குமா?" என்றாள் மனைவி.

"குழந்தையும் ஆள்தானே?"

"ஆள்தான். ஒரு வேளைக்கு ரெண்டு செட் நனைக்கிற ஆள்."

"அதெல்லாம் நாம கொடுக்கிற இடம். ரெண்டுதான்னு தெரிஞ்சா அதுவும் அடக்கி வாசிக்கும்."

மனைவி குழந்தையைப் பார்த்தாள். ஏழு மாதக் குழந்தை. வீட்டில் அதற்கு முதலாளி என்று பெயர். மற்ற இரண்டு பேரும் அதற்கு இரவும் பகலும் சம்பளமில்லாமல் உழைப்பதால் வந்த பெயர். முதலாளி அடக்கி வாசிப்பதாக எந்த உத்தரவாதமும் தராமல் டேப் சுருளைப் பிடுங்கிக் கடித்தது.

நம்முடைய சூப்பர்வைசர் ஒரு பார்சல் கம்பெனியில் பேக்கிங் பகுதிக்குப் பொறுப்பு. அந்தத் தொழிலில் அவருக்கு இரண்டு கொள்கைகள். அடைத்த பெட்டியைக் குலுக்கினால் சத்தம் வரக்கூடாது. சீல் வைத்த பெட்டியைப் போய்ச் சேரும் இடத்தில்தான் திறக்க வேண்டும், வழியில் தலையே போனாலும் திறக்கக்கூடாது. கம்பெனியில் இந்தக் கொள்கைகளால் அவருக்கு நல்ல பெயர். வீட்டில் வேறு மாதிரி. ஃப்ரிட்ஜில் தக்காளிக்கும் தக்காளிக்கும் நடுவே எலுமிச்சம்பழத்தைச் செருகி, ஆடாமல் அசையாமல் அடுக்கி வைப்பார். ஒரு எலுமிச்சம்பழம் வேண்டுமென்றால் மனைவி முழு ஃப்ரிட்ஜையும் காலி செய்ய வேண்டும்.

இந்தப் பயணம் அவருக்கு மானப் பிரச்சினை. போகிற இடம் மாமனார் வீடு. குழந்தை பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் அவர் அதைக் கையை நீட்டி, உடம்பில் படாமல், உடையும் பொருளைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமனார் அதைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, எந்தப் பக்கம் மேலேன்னு அம்புக்குறி போட்டுக் கொடுத்திருந்தா உங்களுக்குச் சௌகரியமா இருந்திருக்கும்" என்றார். வார்டே சிரித்தது. ஊசி போட வந்த நர்ஸ்கூட ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு சூப்பர்வைசர் காதில் இன்னும் ஓயவில்லை.

ஆகவே அவர் ஒரு காட்சியை மனதுக்குள் தீட்டி வைத்திருந்தார். ரயில் நிற்கிறது. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் அவர் இறங்குகிறார். ஒரு கையில் குழந்தை. இன்னொரு கையில் ஒரே ஒரு பெட்டி. மாமனார் வாயடைத்து நிற்கிறார்.

இந்தக் காட்சிக்கு நல்ல சட்டை வேண்டும். அங்கே தங்கும் நாட்களுக்கும் வேண்டும். கூட்டிக் கழித்துப் பார்த்ததில் அரை டஜன் வந்தது. ஆளுக்கு இரண்டு செட் என்று சட்டம் போட்டவர் தன் சட்டத்தைத் தானே படித்துப் பார்க்கவில்லை.

அரை டஜன் சட்டைக்கு இடம் வேண்டுமே! பெட்டியில் பாதியை முதலாளியின் சாமான்கள் பிடித்துக்கொண்டிருந்தன. மறுநாள் காலையில் மனைவி குழந்தையைக் குளிப்பாட்டும் சத்தம் கேட்டதும் சூப்பர்வைசர் பூனை மாதிரி உள்ளே போனார். ஒரு கட்டு டயப்பர், குட்டிச் சட்டைகள், வாத்துப் படம் போட்ட துண்டு, போர்வை எல்லாவற்றையும் அள்ளினார். பரணில் பழைய மின்விசிறி அட்டைப்பெட்டிக்குப் பின்னால் தள்ளினார். அந்த இடத்தில் அரை டஜன் சட்டைகளும் கனகச்சிதமாக உட்கார்ந்தன. கைப்பையில்தான் கொஞ்சம் டயப்பர் இருக்கிறதே, ஒரு பகல் பயணத்துக்கு அது தாராளம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு குளிக்கப் போனார்.

குளித்துவிட்டு வந்து மூடியிருந்த பெட்டியைத் தூக்கிக் குலுக்கினார். மூச்சுக்கூட வரவில்லை. கனமும் தெரியவில்லை.

"பார்த்தியா? பஞ்சு மாதிரி இருக்கு. இதெல்லாம் கைப்பழக்கம்."

"நல்லாக் குலுக்கிப் பாருங்க" என்றாள் மனைவி.

மறுபடி குலுக்கினார். "சத்தம் வருதா?"

"வரலைங்க. நீங்க கெட்டிக்காரர்."

சூப்பர்வைசர் உச்சி குளிர்ந்து, பெட்டியைச் சுற்றி டேப் ஒட்டிச் சீல் வைத்தார்.

ரயிலில் முதல் பாதி நன்றாகவே போனது. முதலாளி எதிர் சீட்டுக்காரரின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கியது, சிரித்தது, தூங்கியது. குழந்தையோடு பயணம் செய்வதைப் பற்றி ஊரார் ஏன் இப்படிப் பயமுறுத்துகிறார்கள் என்று சூப்பர்வைசருக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்த உற்சாகத்தில், மனைவி முகம் கழுவப் போன நேரம் பார்த்து, ஒரு முழு வாழைப்பழத்தை மசித்து முதலாளிக்கு ஊட்டிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் ரயில் சிக்னலுக்காக நடுக்காட்டில் நின்றது. முதலாளியின் வயிறு நிற்கவில்லை.

கைப்பையில் இருந்த டயப்பர் ஒவ்வொன்றாகப் போனது. மாற்றுத் துணியும் போனது. மனைவியின் துப்பட்டாவில் பாதி போனது. எதிர் சீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வேறு சீட்டுக்கு மாறினார்.

"ஏங்க, இன்னொரு டயப்பர் எடுங்க" என்றாள் மனைவி.

"பையில இல்லையே."

"பெட்டியில ஒரு கட்டு வெச்சேன்."

சூப்பர்வைசருக்கு உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். சொல்லியிருந்தால் நாலு திட்டோடு போயிருக்கும். ஆனால் மேலே பார்த்தார். பெட்டி சீல் வைத்தபடி சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. திறந்தால் டயப்பர் இல்லாதது மட்டுமா தெரியும்? அரை டஜன் சட்டையும் அல்லவா பல்லிளிக்கும்!

"நீ வெச்சிருக்க மாட்டே. மறந்திருப்பே" என்றார்.

சொன்ன மாத்திரத்தில் அவருக்கே அசிங்கமாக இருந்தது. மனைவி அவரை நிதானமாகப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை.

"மறந்திருப்பேனா?"

"குழந்தை வேலையில மறக்கறது சகஜம்தான். நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலை."

"எதுக்கும் பெட்டியைத் திறந்து ஒரு தடவை பார்த்துடலாமே."

"சீல் வெச்ச பெட்டியையா? வழியிலயா? இத்தனை வருஷத்துல நான் அப்படி ஒரு காரியம் பண்ணினதே கிடையாது."

"குழந்தைக்காகக்கூடவா?"

"கொள்கைன்னு ஒண்ணு இருக்கில்ல? நீ இரு. நான் பார்த்துக்கறேன்."

பார்த்துக்கொள்வது என்றால் பிச்சை எடுப்பது என்று அவருக்கு அடுத்த ரயில் பெட்டியில்தான் புரிந்தது. சீட்டு சீட்டாகப் போய், கைக்குழந்தை யாரிடம் இருக்கிறது என்று எட்டிப் பார்த்தார். இரண்டு பேர் தங்கள் பணப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் இரட்டைக் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்த ஒரு பருமனான அம்மாள் அகப்பட்டாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டே விஷயத்தைச் சொன்னார்.

"கைக்குழந்தையைத் தூக்கிட்டு ரயில் ஏறுறீங்க, டயப்பர் இல்லைங்கறீங்க!" என்றாள் அந்த அம்மாள், பெட்டி முழுக்கக் கேட்கும்படி. "குழந்தையோட அம்மா என்னதான் எடுத்து வெச்சாங்களாம்?"

சூப்பர்வைசர் குரலைத் தாழ்த்தினார். "அவ பாவம்ங்க. கொஞ்சம் மறதி."

அந்த அம்மாளின் பார்வை அவருடைய தோளைத் தாண்டிப் போனது. திரும்பிப் பார்த்தார். பின்னால் மனைவி, குழந்தையைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஆமாங்க, எனக்கு மறதி ஜாஸ்தி" என்றாள் மனைவி. "இவருக்குச் சரின்னு தலையாட்டின அன்னிக்கே ஆரம்பிச்சுது."

இரட்டைக் குழந்தைக்காரம்மாள் சிரித்துக்கொண்டே ஒரு டயப்பரை எடுத்து மனைவியிடம் நீட்டினாள். அவரிடம் தரவில்லை. சூப்பர்வைசருக்குக் கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. அதிலும் ஏற்கெனவே யாரோ இருந்தார்கள்.

பழியைக் கழுவ ஒரு வாய்ப்பு வேண்டுமே! சீட்டுக்குத் திரும்பியதும், "கொடு, நானே மாட்டி விடறேன்" என்று குழந்தையை வாங்கினார். இடது, வலது, முன்பக்கம், பின்பக்கம் என்று டயப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் அம்புக்குறி எதுவும் இல்லை. அவர் ஆராய்ச்சி முடிவதற்குள் முதலாளி தன் வேலையை முடித்துவிட்டது. சட்டையின் மேல் பொத்தானிலிருந்து பேண்ட்டின் மடிப்பு வரைக்கும் ஒரு இடம் பாக்கியில்லை.

"அடடா" என்றாள் மனைவி. "பெட்டியைத் திறந்து வேற சட்டை போட்டுக்குங்களேன்."

"வேண்டாம்."

"நாறுதுங்க."

"போய்ச் சேர்ற இடத்துலதான் திறக்கணும்."

"கொள்கையா?"

"கொள்கை."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. அழுகிறாள் என்று சூப்பர்வைசர் நினைத்தார். ஒரு பாவமும் அறியாதவள் மேல் பழியைப் போட்டுவிட்டோமே என்று உள்ளுக்குள் குமைந்தார். ஊர் போனதும் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தார். சட்டை மாற்றிய பிறகு.

ரயில் வந்து நின்றது. மாமனார் பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில் நிற்பது தெரிந்ததும் சூப்பர்வைசர் பெட்டியோடு ஒரு தூணுக்குப் பின்னால் பாய்ந்தார். வீட்டுச் சாவியால் டேப்பைக் கிழித்தார். திறந்தார்.

ஒரு கட்டு டயப்பர். குட்டிச் சட்டைகள். போர்வை. எல்லாவற்றுக்கும் மேலே வாத்துத் துண்டு. இடுக்கில்லாமல், ஆடாமல் அசையாமல், அவரே அடுக்கியது போல.

இத்தனையும் அவர் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது. பிச்சை எடுத்தபோதும். பழி சொன்னபோதும்.

"மறந்துட்டேன்னு சொன்னீங்களே" என்று பக்கத்தில் குரல் கேட்டது. மனைவி குழந்தையோடு நின்றிருந்தாள். "பரண்லேருந்து தூசி கொட்டிக் கிடந்தது. ஏறிப் பார்த்தேன். எது எங்க இருக்கணுமோ அங்க மாத்தி வெச்சேன்."

"அப்போ என் சட்டை?"

"மின்விசிறிப் பெட்டிக்குப் பின்னாடி. மடிப்புக் கலையாம வெச்சிருக்கேன்."

"ரயில்லேயே சொல்லியிருக்கலாமே!"

"நான்தான் எடுத்தேன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்வீங்கன்னு பார்த்தேன். சொல்லியிருந்தா அப்பவே திறந்திருப்பேன்."

சூப்பர்வைசர் ஈரச் சட்டைக்கு மேலே வாத்துத் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றார். தூணைச் சுற்றி மாமனார் வந்தார். பேரனை வாங்கிக் கொஞ்சினார். பிறகு மாப்பிள்ளையைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார், மூக்கைச் சுளித்தார்.

"என்ன மாப்பிள்ளை இது? மாத்துச் சட்டைகூட எடுத்து வரலையா?"

"எனக்குத்தாம்பா மறதி" என்று மனைவி முந்திக்கொண்டாள்.

அவளுடைய அந்த ஒரு வாக்கியம் அவரை என்னவோ செய்தது. இவ்வளவுக்குப் பிறகும் விட்டுக்கொடுக்காமல் நிற்கிறாளே! வெட்கம் தாங்கவில்லை.

"இல்லை மாமா" என்றார். "அவ ஒண்ணும் மறக்கலை. நான்தான் குழந்தை துணியை எடுத்து ஒளிச்சு வெச்சேன். என் சட்டைக்கு இடம் வேணும்னு. பழியையும் அவ மேல போட்டுட்டேன்."

சொல்லி முடித்ததும் பாரம் இறங்கியது போல இருந்தது. மாமனார் அவர் தோளில், துண்டில் நனையாத இடமாகப் பார்த்து, தட்டிக் கொடுத்தார்.

"தெரியும் மாப்பிள்ளை. காலையிலேயே போன் பண்ணிச் சொல்லிட்டா. உங்க அளவுக்குப் புதுசாச் சட்டை வாங்கி வீட்டுல வெச்சிருக்கேன், வாங்க."

சூப்பர்வைசருக்குக் கண் கலங்கியது. "எதுக்கு மாமா சிரமம்? எத்தனை வாங்கினீங்க?"

"ரெண்டுதான்" என்றார் மாமனார். "ஆளுக்கு அவ்வளவுதான் அனுமதின்னு சொன்னாளே?"