காம்பவுண்டுச் சுவர் முதலீட்டாளர்

கம்பெனியைப் பார்க்காமல் அதன் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்துப் பங்கு வாங்குகிற ஓர் இனம் இருக்கிறது, தெரியுமோ உங்களுக்கு? ஸ்ரீரங்கத்தில் இரண்டு பேர் காபி குடிக்கும் இடத்தில் மூன்றாவது ஆளாக வந்து உட்காருவாரே, அவர்தான். லாபம், விற்பனை, கடன் என்று நீங்கள் ஏதாவது ஆரம்பித்தால், பச்சைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். “அதெல்லாம் இருக்கட்டும் சார். இடம் எவ்வளவு இருக்கு?”

ரத்தினவேல் இந்த இனத்தின் அசல் மாதிரி. திருவெறும்பூர்த் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். துவாக்குடியைத் தாண்டி நெடுஞ்சாலையோரம் பாதி நாள் ஓடியும் பாதி நாள் நின்றும் கிடந்த ஒரு நூல் மில்லின் பங்கு நாற்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டதும் அவர் ஆண்டறிக்கையைப் புரட்டவில்லை; பஸ் ஏறினார், இறங்கினார், குடையை விரித்துக்கொண்டு சுவரோரமாகவே நடந்து, காலடியை எண்ணி, வாட்ச்மேன் மூக்கனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, பெண் பார்க்கப் போனவர்போல உள்ளே எட்டிப் பார்த்து, பதினெட்டு ஏக்கர் என்று முடிவுகட்டி, பி.எஃப். பணத்தில் இருபதாயிரம் பங்கு வாங்கினார்.

“மில்லுல என்னங்க ஓடுது?” என்று மனைவி அழகம்மாள் கேட்டாள்.

“என்ன ஓடினா என்ன? இடம் ஓடிப் போகாதுல்ல.”

அழகம்மாளுக்கு வேறு கவலை. குடியிருப்பது இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை, முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. அதே கட்டடத்தில் தரைத்தள வீடு விலைக்கு வந்திருந்தது. பங்கு ஏறினால் விற்று அட்வான்ஸ் கொடுப்பதாகப் பேச்சு.

ஏறியது. மில் தன் நிலத்தை விற்றது. கடன் போக மீதி முழுவதும் ரொக்கமாகக் கம்பெனிக் கணக்கில் வந்து விழ, பங்கு எழுபத்தொன்றைத் தொட்டது. அன்று ரத்தினவேல் நடந்த நடைக்கு ராஜகோபுரமே சற்று ஒதுங்கி வழிவிட்டிருக்கும்.

“வித்துடுங்க” என்றாள் அழகம்மாள்.

“புரியாம பேசாத. ஒரு பங்குக்கு எண்பத்து நாலு ரூபா ரொக்கம் உள்ள இருக்கு. எண்பத்து நாலை எழுபத்தொண்ணுக்கு எவனாவது விப்பானா? அதைப் பங்குக்காரங்களுக்கு ஸ்பெஷல் டிவிடெண்டாப் பிரிச்சுக் குடுப்பான், பாரு.”

“குடுக்கறேன்னு சொன்னானா?”

“வேற என்ன பண்ணுவான்?”

“பெருமாள் உண்டியல்லயும்தான் ரொக்கம் இருக்கு. நீங்களும் தினம் பிரகாரம் சுத்துறீங்க. அதுல உங்களுக்கு எவ்வளவு வரும்?”

இந்த இனத்திடம் கேட்கக் கூடாத கேள்வி இது. பெட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று இவர்கள் எண்ணிக்கொண்டிருக்க, பெட்டிச் சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்று பார்க்கிற கூட்டம் ஒன்றும் சந்தையில் உண்டு. எண்பத்து நான்கு எழுபத்தொன்றுக்குக் கிடைப்பது, சாவிக்காரரை நம்பி முழு விலை கொடுக்காத அவர்கள் புண்ணியத்தில்தான். பங்கு வாங்க ஒரு டீமேட் கணக்குகூட இல்லாமலே அழகம்மாள் அந்தக் கட்சி. ரத்தினவேல் கால்குலேட்டரை எடுத்து மறுபடி வகுத்தார். எண்பத்து நான்குதான் வந்தது.

நான்கு மாதம் வகுத்தார். ஐந்தாம் மாதம் மில் நிர்வாகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: கையிருப்பு ரொக்கத்தைக் கொண்டு ஓர் இறால் தீவனத் தொழிற்சாலை வாங்கப்பட்டிருக்கிறது. விற்றவர் நிர்வாக இயக்குநரின் மைத்துனர். பங்கு முப்பத்து மூன்று. தரைத்தள வீட்டில் வேறு யாரோ பால் காய்ச்சினார்கள்; ஒரு டம்ளர் இரண்டாம் மாடிக்கும் வந்தது.

படியில் பாதி வழியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு அழகம்மாள் கேட்டாள்: “இப்ப என்னங்க பண்ணப் போறீங்க?”

ரத்தினவேல் இரண்டு படி இறங்கி வந்து, அவள் கையிலிருந்த காய்கறிப் பையை வாங்கிக்கொண்டார். “அந்த இறால் கம்பெனிக்கு நாகப்பட்டினத்துல கடலைப் பாத்த மாதிரி ஒன்பது ஏக்கர் இருக்காம்.”

சிரிப்பு வருகிறதல்லவா? வரட்டும். ஆனால் பங்கு முப்பத்து மூன்றுக்கு வந்துவிட்டது என்று படித்தபோது, ‘இந்த விலைக்குக் கொஞ்சம் வாங்கிப் போடலாமே’ என்று ஒரு நொடி உங்களுக்கும் தோன்றியிருந்தால், எழுந்து போய், வீட்டில் யாருக்கு முழங்கால் வலிக்கிறது என்று முதலில் விசாரித்துவிட்டு வாருங்கள்.