ரெண்டு ரூபாய்ப் பந்தயம்

கீரமங்கலம் ரோட்டு முக்கில் பஸ்ஸை விட்டு இறங்கிய அடைக்கலம், வீட்டுக்குப் போகாமல் அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டார். எதிரே புளியமரத்தில் புதிதாகச் சாயம் பூசி மாட்டியிருந்த பலகை அவர் காலைக் கட்டிப்போட்டிருந்தது.

‘இலுப்பைவயல் மாபெரும் குதிரை வண்டிப் பந்தயம். நுழைவுக் கட்டணம் ஒன்றரை ரூபாய்.’

அதற்கு நேர் எதிரில் அவருடைய ஊரான மருதங்காட்டின் பலகை, ஒன்றேகால் ரூபாய் என்று சொல்லிக்கொண்டு பரிதாபமாகத் தொங்கியது.

"பாத்தியா ரெங்கராசு?" என்றார், சைக்கிளோடு அவரை அழைத்துப்போக வந்திருந்த பந்தயக் கமிட்டிப் பொருளாளரிடம். "போன வருசம் நாம ஒண்ணேகால் போட்டோம். இந்த வருசம் அவன் ஒண்ணரைக்குப் போயிட்டான்!"

"போனாப் போறான், விடுங்கண்ணே. பந்தயத்துக்கு இன்னும் பத்து நாள்கூட இல்ல."

"எப்படி விடுறது? இந்த முக்குல எறங்குற நாலு சனம் ரெண்டு போர்டையும் பாத்தா நம்ம ஊரப் பத்தி என்ன நெனைக்கும்? கூப்புடு அந்தப் போர்டு எழுதுற ஏகாம்பரத்த. ரெண்டு ரூவான்னு எழுதச் சொல்லு. எழுத்து எட்டூருக்குத் தெரியணும்."

அடைக்கலத்துக்குப் பலாப்பழ மண்டி இருந்தது. மண்டியில் யாராவது விலையைக் குறைத்துக் கேட்டால் சிரித்துக்கொண்டே கொடுத்துவிடுவார். பந்தயத்தின் விலை மட்டும் அவருக்கு ஊர் மானம். அந்தப் பந்தயத்தை ஆரம்பித்தவரே அவர்தான். முதல் வருஷம் நாலணா வைத்தார். அதே வருஷம் இலுப்பைவயல்காரர்கள் எட்டணா என்று பலகை மாட்டி, "மருதங்காட்டுப் பந்தயம் நாலணாப் பந்தயம்" என்று பஸ்ஸில் பேசிச் சிரித்ததாக ஒரு சேதி வந்தது. அன்று ஏறத் தொடங்கிய விலை இன்னும் இறங்கவில்லை.

இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு கண்மாயும் ஒரு காடும்தான். ஆனாலும் மருதங்காட்டுக்காரர் எவரும் இலுப்பைவயல் பந்தயத்துக்குப் போய் எட்டிப் பார்த்ததில்லை. போனால் அவர்களை மதித்ததாகிவிடும். பஸ் இலுப்பைவயலில் நின்றால்கூட, இந்த ஊர்க்காரர்கள் ஜன்னலுக்கு வெளியே பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

இரண்டு ரூபாய்ப் பலகை ஏறியதும் மருதங்காடு ஓரடி உயர்ந்துவிட்டது. டீக்கடையில், சந்தையில், சம்பந்தி வீடுகளில் இதே பேச்சு.

"எங்க ஊரு பந்தயம் ரெண்டு ரூவா, தெரியும்ல?"

"அடேங்கப்பா! அப்ப நீங்க இந்தத் தடவ உள்ள போயிப் பாப்பீங்க?"

"ரெண்டு ரூவா குடுத்தா? எனக்கென்ன பைத்தியமா?"

அடைக்கலத்தின் காதில் இதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது. அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

பந்தயத்தன்று மத்தியானம் ரெங்கராஜ் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"அண்ணே, கேட்டுல ஒரு டிக்கெட்டுகூட விக்கல."

"சனம் வரலையா?"

"வந்திருக்கு. ஊரே வந்திருக்கு. எல்லாம் கண்மாய்க் கரை மேல நிக்கிது. அங்கிட்டு நின்னா ஓசியிலயே பொட்டல் பூராவும் தெரியுதுல்ல."

அடைக்கலம் அவசரமாக ரோட்டை எட்டிப் பார்த்தார். மீமிசல் மீரா சாகிபு ராவுத்தர் தம் வெள்ளைக் குதிரையோடு வந்துகொண்டிருந்தார். தஞ்சாவூர் முதல் ராமநாதபுரம் வரை அந்தக் குதிரை ஓடாத பந்தயம் இல்லை. அது ஓடினால்தான் மற்ற வண்டிக்காரர்களும் ஓட்டுவார்கள். ராவுத்தருக்கு ஒரு கொள்கை உண்டு. ஆள் இல்லாத பொட்டலில் அவர் குதிரையை அவிழ்க்க மாட்டார். வந்த வண்டியை அப்படியே திருப்பிவிடுவார். திருப்பினால் மருதங்காட்டுப் பந்தயம் இன்றோடு முடிந்தது.

"வெலையக் கொறச்சிருவோம்ணே," என்றார் ரெங்கராஜ் மெதுவாக.

"கொறைக்கிறதா? அந்தச் சேதி இலுப்பைவயலுக்குப் போக எம்புட்டு நேரமாகும்? கரைய மறைச்சுத் தட்டியக் கட்டு!"

தட்டி போதவில்லை. கேட்டுப் பக்கம் இருந்த கீற்றுத் தட்டிகளைப் பிடுங்கிக் கொண்டுபோய்க் கரைப் பக்கம் கட்டினார்கள். கரையில் நின்ற சனம் சிரமம் பார்க்காமல் மரத்தில் ஏறிக்கொண்டது. ஆனால் கேட்டுப் பக்கம் மறைப்பே இல்லாமல் போனதில், ராவுத்தர் வரப்போகும் ரோட்டிலிருந்து பார்த்தால் காலிப் பொட்டல் பளிச்சென்று தெரிந்தது. நடுவில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது.

அடைக்கலம் தலையைச் சொறிந்தார். பிறகு மண்டி ரசீதுகளின் பின்பக்கம் ‘இலவச அனுமதி’ என்று எழுதி எடுத்துக்கொண்டு தாமே மரத்தடிக்குப் போனார்.

"பெரியகருப்பண்ணே, எறங்கி வாங்க. உள்ள ஒக்காந்து பாருங்க. காசு வேணாம்."

மேல் கிளையில் இருந்த பெரியகருப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஓசிச் சீட்டா? என்னைய என்ன ஓசியில பந்தயம் பாக்குற ஆளுன்னு நெனைச்சியா?"

"இப்பவும் ஓசியிலதானேண்ணே பாக்குறீங்க?"

"இது என் மரம். எம் மரத்துல நான் ஒக்காந்திருக்கேன். கண்ணுக்கு நேரா நீங்க குதிரைய ஓட்டுனா அதுக்கு நானா பொறுப்பு?"

மரத்துக்கு மரம் இதே கதை. இரண்டு ரூபாய்ப் பந்தயம் நடத்தும் ஊரில் பிறந்தவர்கள் ஓசிச் சீட்டை எப்படி வாங்குவார்கள்? அடைக்கலம் சீட்டுக்கட்டோடு திரும்பி வந்தபோது, கூடாரத்தில் அவர் மனைவி அழகம்மாள், வண்டிக்காரர்களுக்கு மோர் கரைத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் ஓசிங்கிறதுக்கு ரோசப்படுறாங்க அழகம்மா. உள்ள வர மாட்டேங்கிறாங்க."

"சும்மா வாங்கன்னா எவன் வருவான்? பதவி குடுங்க. தொண்டருன்னு சொல்லிக் கையில ஒரு பட்டையக் கட்டுங்க. பறந்துக்கிட்டு வருவாங்க."

சொன்னதோடு நிற்காமல், வாசல் வளைவுக்கு வாங்கியிருந்த மஞ்சள் துணியை உருவிச் சரசரவென்று கிழிக்க ஆரம்பித்துவிட்டாள். மைக்கில் ரெங்கராஜ் முழங்கினார்.

"இன்றைய பந்தயத்தின் பிரம்மாண்டமான கூட்டத்தைக் கட்டுப்படுத்தத் தொண்டர்கள் தேவை! ஊர்ப் பற்று உள்ளவர்கள் மட்டும் வரவும்!"

மரங்கள் காலியாயின. ஊர்ப் பற்று இல்லாதவர் என்று பெயர் வாங்க எவரும் தயாராக இல்லை. பெரியகருப்பன் முதல் ஆளாக இறங்கி, தலைமைத் தொண்டர் பட்டைதான் வேண்டும் என்று நின்று இரண்டு பட்டையாகக் கட்டிக்கொண்டார். பெண்களும் வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பொட்டல் நிறைந்து, நாய் எழுந்து போய்விட்டது.

அடைக்கலம் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஆனால் நிறைந்த பொட்டலில் ஒரு சங்கடம் முளைத்தது. எல்லோரும் தொண்டர்கள். கட்டுப்படுத்த ஒரு ஆள்கூட இல்லை. ஆளுக்கு ஆள் கையை நீட்டி, "தள்ளி நில்லு, தள்ளி நில்லு" என்று ஒருவரையொருவர் கட்டுப்படுத்திக்கொண்டிருந்தார்கள். பதவி வந்த கை சும்மா இருக்குமா? அந்த நேரம் பார்த்துத்தான் ராவுத்தரின் வண்டி கேட்டுக்கு வந்தது. அத்தனை தொண்டர்களும் அந்தப் பக்கம் பாய்ந்தார்கள்.

"நிறுத்துங்க வண்டிய! டிக்கெட் இருக்கா?" என்று பெரியகருப்பன் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துவிட்டார்.

வண்டியோட்டி தாஜுதீன் மிரண்டுபோனான். "பந்தயத்துல ஓடுற குதிரைங்க இது!"

"யாரா இருந்தா என்ன? ரெண்டு ரூவா குடுக்காம இந்த ஊருப் பொட்டல்ல ஒரு ஆள் காலு வைக்க முடியாது!"

டிக்கெட்டை வாழ்நாளில் கண்ணால் பார்க்காத கூட்டம் "ஆமா, ஆமா" என்று அதிர்ந்தது. ராவுத்தரின் முகம் இறுகியது. தாடியைத் தடவியபடி, "திருப்புடா வண்டிய" என்று சொல்ல வாயெடுப்பது அடைக்கலத்துக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது. வேட்டி தடுக்க ஓடினார். அவர் போய்ச் சேர்வதற்குள் ராவுத்தரின் கண் பொட்டலுக்குள் போனது. எள் போட்டால் எள் விழாத கூட்டம்.

"இம்புட்டு சனமா?" என்றார் ராவுத்தர். "ரெண்டு ரூவாய்க்கா?"

"ஆமாங்க ராவுத்தரே!" அடைக்கலத்துக்கு மூச்சு வாங்கியது. "தப்பா எடுத்துக்காதீங்க, இவங்க புதுசு."

"கையில என்ன எல்லாருக்கும் மஞ்சப் பட்டை?"

"அது... ரெண்டு ரூவா டிக்கெட்டுக்காரங்களுக்கு அடையாளங்க."

ராவுத்தரும் மானஸ்தர். இடுப்புப் பெல்ட்டைத் திறந்தார். "அப்ப எனக்கு ஒண்ணு, ஓட்டுறவனுக்கு ஒண்ணு, எங் குதிரைக்கு ஒண்ணு குடுங்க. மீமிசல்காரன் ஓசியில நொழைஞ்சான்னு நாளைக்குப் பேச்சு வரப்படாது."

அன்றைய டிக்கெட் விற்பனை அவ்வளவுதான். மூன்றில் ஒன்று குதிரைக்கு.

ஆனால் பந்தயம்! அப்படி ஒரு பந்தயத்தை மருதங்காடு அதற்கு முன் கண்டதில்லை. புழுதியைக் கிளப்பிக்கொண்டு வண்டிகள் பறந்தன. வெள்ளைக் குதிரை கடைசித் திருப்பத்தில் எல்லோரையும் வெட்டிக்கொண்டு முன்னே வந்தபோது, தொண்டர்கள் தொண்டு செய்வதை மறந்து துண்டை வீசிக் குதித்தார்கள். அந்த ஆரவாரத்தின் நடுவே அடைக்கலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்குத் தெரிந்தவரை, ஜில்லாவிலேயே இரண்டு ரூபாய்ப் பந்தயம் இது ஒன்றுதான். அதுவும் நிறைந்த பொட்டலில்! யாருக்கு வாய்க்கும் இந்தப் பெருமை? பெற்ற பிள்ளை பரீட்சையில் முதலாவதாக வந்தபோதுகூட அவருக்கு இப்படி மார்பு விம்மியதில்லை.

பரிசு கொடுத்து, பொன்னாடை போர்த்தி, மோர் குடிக்க வைத்து, வண்டிவரை வந்து வழியனுப்பினார். வழியனுப்பும்போது, இத்தனை வருஷமாக நெஞ்சுக்குள் அடக்கி வைத்திருந்த கேள்வியை அவரால் அடக்க முடியவில்லை. ஊரார் எல்லோரும் கேட்கட்டும் என்று உரக்கவே கேட்டார்.

"ராவுத்தரே, நீங்க எல்லா ஊர்லயும் ஓட்டுறவரு. மறைக்காமச் சொல்லுங்க. இலுப்பைவயல்ல இதுல பாதிக் கூட்டமாவது வருமா?"

ராவுத்தர் தாடியைத் தடவிக்கொண்டே வண்டியில் ஏறி உட்கார்ந்தார். கடிவாளத்தைப் பிடித்திருந்த தாஜுதீன்தான் வாயைத் திறந்தான்.

"அங்கிட்டு ஏதுங்கண்ணே பந்தயம்? வெலையக் கேட்டு சனம் வராம அது நின்னு மூணு வருசமாச்சு, பொட்டல்லகூடக் கடலை போட்டுட்டாங்க. ஒங்க ஊருக்கு விட்டுக்குடுக்கக் கூடாதுன்னு அந்தப் போர்டை மட்டும் வருசா வருசம் ஏத்தி எழுதிக்கிட்டு இருக்காங்க."