பெல் அங்கிளும் எங்கள் வீட்டு இருமலும்

பிள்ளைகளே, செபமாலை நேரத்தில் போனைத் தலையணைக்குக் கீழே வைத்துப் பார்ப்பது அப்பாவுக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்கள். எனக்கு அது பெரிய காரியமே இல்லை. நான் பெல் அங்கிள் காலத்தில் வளர்ந்தவன்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில், ஒடுக்கமான எங்கள் ஒழுங்கையிலிருந்து மோட்சத்துக்குப் போன அத்தனை பேரும் பெல் அங்கிளுக்குப் பயந்துதான் போனார்கள். துறைமுகத்தில் டைம்கீப்பராக இருந்து பென்ஷன் எடுத்தவர். அங்கே ஆட்களை வேலைக்கு விரட்டிய பழக்கத்தில், இங்கே எங்களைச் செபத்துக்கு விரட்டினார். பின்னேரம் ஏழு மணிக்குக் கைமணியை அடித்துக்கொண்டு ஒழுங்கையில் நடப்பார். பிறகு ஒவ்வொரு ஜன்னலாக நின்று காது கொடுப்பார்.

அவருடைய ஞானோபதேச வகுப்புக்கு வயது எல்லை கிடையாது. பல் முளைக்காத குழந்தையும் சிலுவை அடையாளம் போட்டால்தான் கன்னத்தைக் கிள்ளுவார். பாண் வாங்க வரிசையில் நின்றால் பத்துக் கட்டளைகளையும் சொல்லவேண்டும். பேக்கரி முதலாளி சிங்களவர், பௌத்தர். கேட்டுக் கேட்டுப் பழகி, நம்முடைய ஆட்கள் தடுமாறும்போது ஆறாம் கட்டளையை அவரே எடுத்துக் கொடுப்பார்.

படுக்கையில் கிடந்த முன்வீட்டுத் தாத்தா மணிச் சத்தம் கேட்டதும் கண்ணை மூடிவிடுவார். அங்கிள் விடமாட்டார். "நித்திரை கொள்ளுற மனுசன் இவ்வளவு இறுக்கிக் கண்ணைப் பொத்தாது. மனஸ்தாப மந்திரத்தைச் சொல்லுங்கோ பாப்பம்!"

அவரை யாரும் எதிர்த்துப் பேசாததற்குக் காரணம் இருந்தது. ஒக்டோபர் மாதத்தில் கோயிலிலிருந்து மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். எந்த நாள் எந்த வீடு என்று தீர்மானிப்பது அங்கிள். அதிலும் கடைசி நாள் மாதா தங்கும் வீட்டிலிருந்துதான் ஊர்வலம் புறப்படும். கலியாணம் கட்டி அந்த ஒழுங்கைக்கு வந்த நாளிலிருந்து என் அம்மாவுக்கு ஒரே ஆசை, அந்தக் கடைசி நாள். செபம் கேட்காத வீட்டுக்கு அது கிடைக்காது என்பது அங்கிளின் சட்டம்.

ஆனால் அம்மாவுக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. அதே ஏழு மணிக்கு ரீவியில் ஒரு சிங்கள நாடகம்.

வழி கண்டுபிடித்தது என் அப்பா. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை எல்லாம் முழங்காலில் வைத்து, ஐந்து பத்துகளும் சேர்த்து முழுச் செபமாலையையும் கசட்டில் பதிந்தார். ஒவ்வொரு மந்திரத்திலும் முதல் பாதியை அப்பா சொல்ல, மற்றப் பாதியை நாங்கள் சொன்னோம். அடுத்த நாளிலிருந்து ஜன்னலோரம் கசட் செபம் சொல்லியது. நாங்கள் ரீவியின் சத்தத்தை நிறுத்திவிட்டு நாடகம் பார்த்தோம். அம்மாவுக்குச் சிங்களம் கடைக்குப் போகும் அளவுக்குத்தான். சத்தம் இல்லாததால் கதை இன்னும் நன்றாக விளங்கியது.

அங்கிள் ஏமாந்துவிட்டார் என்றே நினைத்தோம். மற்ற ஜன்னல்களில் ஒரு நிமிடம் நிற்பவர், எங்கள் ஜன்னலில் கடைசி வரை நின்று கூடவே செபித்தார். "இந்த முறை மாதா நமக்குத்தான்" என்று அம்மா திரைச்சீலைகூடத் தோய்த்துப் போட்டாள்.

ஒக்டோபர் நடுவில் ஒருநாள் கரண்ட் போனது. "அருள் நிறைந்த மரி…" என்ற அப்பாவின் குரல் மாடு கத்துவதுபோல இழுபட்டு நின்றது. ரீவியும் செத்தது. இருட்டில், ஜன்னலுக்கு வெளியே ஒரு குரல் மட்டும் அந்த மந்திரத்தைச் சொல்லி முடித்தது.

பிறகு டோர்ச் வெளிச்சத்துடன் அங்கிள் உள்ளே வந்தார். அம்மா அழத் தொடங்கிவிட்டாள்.

"மாதா வரமாட்டா எண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ அண்ணே."

"எனக்குத் தெரியாதெண்டே நினைச்சனீங்க? மூண்டாம் பத்தில உன்ர மனுசன் ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில, ஒரே மாதிரி இருமுறான். உயிருள்ளவன் அப்படி இருமுவானே பிள்ளை?"

அப்பா இருட்டிலேயே கேட்டார். "அப்ப ஏன் அண்ணே ஒண்டும் கதைக்கேல்ல?"

அங்கிள் டோர்ச்சை நிலத்தைப் பார்க்கத் திருப்பினார். "மற்ற வீடுகள்ல நான் கூடச் சொன்னா, நிப்பாட்டிப்போட்டு ரீ குடிக்கிறீங்களோ எண்டு கேக்கினம். எப்ப போவன் எண்டு பாக்கினம். உங்கட மெசின்தான் என்னை முடிக்க விடுது. மனுசி செத்தாப்பிறகு வீட்டில நான் பாதி சொன்னா, மற்றப் பாதி சொல்ல ஆளில்லை."

 பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு பழைய அங்கிள் ஆனார். "கடைசி நாள் மாதா இங்கதான். ஆனா அந்தக் கசட் எனக்கு வேணும். நீங்க இனி வாயால சொல்லுங்கோ!"

மாதா வந்தார். அம்மா அன்று யாரையும் பூச்சாடியைத் தொடக்கூட விடவில்லை. நாடகத்தின் முடிவு எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகு தினமும் எங்கள் குடும்பம் இரண்டு வீடுகளில் செபித்தது. புதிதாக வந்த பங்குச் சுவாமி அங்கிளின் வீட்டைக் கடந்து போகும்போது, "நல்ல பக்தியான குடும்பம், எத்தனை பிள்ளைகள்?" என்று விசாரித்தாராம். அங்கிளைப் பெட்டியில் வைத்த நாளில், ஒழுங்கையே சத்தம்போட்டுச் செபமாலை சொன்னது. யாரும் இடையில் நிறுத்தவில்லை.

நேற்று நீங்கள் எல்லாரும் உங்கள் அம்மாவோடு கடைக்குப் போயிருந்தீர்கள். இப்போது நாம் இருக்கும் வெள்ளவத்தையில் ஏழு மணிக்கு பஸ் சத்தம்தான் கேட்கும், மணி கேட்காது. நான் ஜன்னலைத் திறந்துவைத்து முழங்காலில் நின்றேன். ஒவ்வொரு மந்திரத்திலும் பாதியை மட்டும் சொல்லி, மற்றப் பாதிக்கு இடம் விட்டேன். மூன்றாம் பத்து வந்ததும், தொண்டையில் ஒன்றும் இல்லாமலே ஒருமுறை இருமினேன்.