கிராம் பாய் கட்டிய ஜெட் ஸ்கீ

தன்னுடைய எடையைத் தவிர உலகத்தில் இருக்கிற மற்ற எல்லாப் பொருள்களின் எடையையும் குறைத்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்ட ஒரே மனிதர் கிராம் பாய்தான். அவர் நூற்று நான்கு கிலோ. அதில் அவருக்கு எந்த வருத்தமும் இல்லை. ஒரு போல்ட் பன்னிரண்டு கிராம் இருந்துவிட்டால்தான் சோறு இறங்காது. நிஜப் பெயர் அவர் மனைவிக்கும் ரேஷன் கார்டுக்கும் மட்டுமே தெரியும்.

மயிலாப்பூர் முடிந்து ராயப்பேட்டை தொடங்கும் ஒரு சந்தில், மாடியில் எங்கள் அலுவலகம். பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்ஸ் போடும் சின்னப் பதிப்பகம். கீழே பாயின் ஃபைபர் பட்டறை. தண்ணீர்த் தொட்டி மூடி, பாத்ரூம் கதவு, கல்யாண மண்டப வாசலில் கும்பிட்டபடி நிற்கும் பொம்மை எல்லாம் செய்வார். நொச்சிக்குப்பத்து மீனவர்களின் படகில் விரிசல் விழுந்தாலும் அவர்தான் போய் ஒட்டுவார். ஃபைபர் ஒட்டும் ரெசின் பசையின் வாடையில் உட்கார்ந்து பிழை திருத்தியதால்தான் எங்கள் பத்தாம் வகுப்பு அறிவியலில் ஒளிச்சேர்க்கைப் பாடம் இரண்டு முறை அச்சானது என்பது என் கட்சி. முதலாளி ஒப்புக்கொள்ளவில்லை.

ஒரு நாள் பாய் மூச்சு வாங்க மாடியேறி வந்து போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். வீடியோவில் ஒரு வெளிநாட்டுக்காரர், தண்ணீரில் ஓடும் பைக் மாதிரியான ஜெட் ஸ்கீயில் நின்றபடி அலையில் ஏறி, மிஷினோடு சேர்ந்து பின்பக்கமாக ஒரு குட்டிக்கரணம் அடித்து, ஒன்றுமே நடக்காததுபோல் தண்ணீரில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்.

“பாத்தியா சார்? சீட்டே கெடியாது. நின்னுக்கினே ஓட்றான். ஒக்காந்துக்கினு போனா அது ஷேர் ஆட்டோ. இதான் சார் வண்டி!”

“சரி பாய், அதுக்கு?”

“நான் ஒண்ணு கட்டப் போறேன். கம்பெனி மிஷினு வெயிட்டு. கரணம் அடிக்கணும்னா நூறு கிலோவுக்கு உள்ள இருக்கணும். முடிச்சிக் காட்றேன் பாரு.”

பதினைந்து நாளில், கடற்கரை விடுதி ஒன்று கழித்துப்போட்ட பழைய ஜெட் ஸ்கீ பட்டறைக்கு வந்து இறங்கியது. காயலான் கடைத் தராசில் எடை போட்டார்கள். நூற்று முப்பத்தெட்டு கிலோ. பாய் அதை ஏதோ துக்கச் செய்தி கேட்டவர்போல் பார்த்தார். இன்ஜினையும் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும் பம்பையும் மட்டும் கழற்றிக்கொண்டு, உடம்பு முழுவதையும் புதிதாக வார்க்க ஆரம்பித்தார்.

எங்கள் அலுவலகத்தில் கூரியர் எடை போட ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு உண்டு. அதன் பொறுப்பாளர் வைதேகி மேடம். மயிலாப்பூர்க்காரர், கண்டிப்பானவர். பாய் ஒரு நாளைக்கு ஆறு தடவை வந்து அந்தத் தராசில் போல்ட், வாஷர், ஸ்பிரிங் என்று ஒவ்வொன்றாக வைப்பார். போல்ட்டின் நடுவில் துளை போட்டுக்கொண்டு மறுபடி வருவார். “ரெண்டு கிராம் போச்சி மேடம்!” என்று பேரன் பிறந்ததுபோல் சிரிப்பார். ஒரு நாள் தராசு காலியாக இருந்ததால் மேடத்தின் டிபன் டப்பாவையே தூக்கி வைத்துவிட்டார்.

“மேடம், எவர்சில்வர் டப்பா முந்நூத்தி நாப்பது கிராம். உள்ள தயிர் சாதம் எரநூறுதான். நீங்க சோத்த எட்துக்கினு வர்ல, டப்பாவ எட்துக்கினு வர்றீங்க.”

“எங்காத்துல இருபது வருஷமா இதே டப்பாதான். உங்க வேலையப் பாத்துண்டு போங்கோ பாய்!”

மறுநாள் தன் கையால் செய்த ஃபைபர் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். பூ மாதிரி இருந்தது. அதில் வைத்த தயிர் சாதம் மட்டும் ரெசின் சாதம் ஆகிவிட்டது.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். ஃபைபர் துணியை ரெசினில் நனைத்து, மேலே பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடி, உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்ச வேண்டும். அப்போதுதான் மிச்ச ரெசின் வெளியே வந்து எடை குறையும். காற்றை உறிஞ்ச அவருக்குக் கிடைத்தது வீட்டு ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர். பாபி, அதாவது அவர் மனைவி, திரிந்துபோன பால் பாத்திரத்தோடு பட்டறை வாசலில் வந்து நின்றார்.

“ஃபிரிட்ஜ இன்னா பண்ணி வச்சிருக்கீங்க?”

“அதுல எட்டு கிலோ கொறைச்சிருக்கேன்” என்றார் பாய், நிஜமான பெருமையோடு.

அந்தப் பால் பாத்திரம் எங்கே போய் விழுந்தது என்று நான் எழுதப் போவதில்லை.

அடுத்து ஓட்டுவதற்கு ஆள் வேண்டும். பாய் ஏறினால் மிஷின் கரணம் அடிக்காது, தரையைத்தான் தொடும். நொச்சிக்குப்பம் போனோம். சாலையோரம் மீன் விற்கும் தேவியின் பெரிய மேடைத் தராசைக் கேட்டு வாங்கி, படகுக்காரர்களை ஒவ்வொருவராக அதில் ஏறி நிற்கச் சொன்னார் பாய். தேவியின் கணவர் சேகர்தான் குறைவு, ஐம்பத்து நான்கு கிலோ. அலையில் படகு விடுவதில் பெயர் போனவர். பாய் முகம் மலர்ந்து, “இதான் வோணும்” என்றார்.

தேவி கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “வெட்டிக் குடுக்கவா, முய்சா எட்துக்கினு போறியா?”

எல்லோரும் சிரித்தோம்.

மிஷின் முடிந்தபோது தொண்ணூற்றொன்பது கிலோ அறுநூறு கிராம். பெயின்ட் முந்நூறு கிராம் என்பதால் பெயின்ட்டே அடிக்கவில்லை. கடைசி வாரத்தில் அடிப்பக்கத்தில் ஃபைபர் இரண்டு அடுக்கு போதும் என்று மூன்றாவதை விட்டுவிட்டார். மூழ்காமல் மிதக்க உள்ளே வைத்த ஃபோமையும் பாதியாக அறுத்துவிட்டார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் கை தட்டினேன்.

சேகர் ஒரு வாரம் அமைதியான தண்ணீரில் பழகினார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அலைக்குப் போனார். முதல் அலையில் மிஷின் எகிறியது. குப்பமே விசிலடித்தது. இரண்டாவது அலையில் இன்னும் உயரம் போய், வயிறு அடித்து விழுந்தது. பலகை பிளக்கிற மாதிரி ஒரு சத்தம். கைப்பிடி தூக்கிச் சேகரின் தாடையில் அடித்தது. அவர் தண்ணீருக்குள் போனார். மிஷின் மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனது.

இரண்டு படகுகள் பாய்ந்தன. சேகரைத் தூக்கினார்கள். தாடையில் ஐந்து தையல். மிஷினை வலை போட்டு இழுத்தார்கள். பாய் முட்டளவு தண்ணீரில் செருப்போடு நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் தேவி பட்டறைக்கே வந்துவிட்டார். சண்டையை எதிர்பார்த்து நாங்கள் மாடிப்படியில் கூடிவிட்டோம். ஆனால் அவர் குரலை உயர்த்தவே இல்லை.

“என் வூட்டுக்காரு எவ்ளோ எடன்னு போட்ட பாய்?”

“அம்பத்தி நாலு...”

“தப்பா போட்டுக்கீற. எங்க வூட்ல நாலு பேரு அவுரு மேலதான் நிக்கிறோம். அத்தயும் சேத்துப் போடு.”

சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதன் பிறகு இருபது நாள் அவர் மாடிக்கு வரவே இல்லை. அலுவலகம் அமைதியாக இருந்தது, யாருக்கும் அது பிடிக்கவில்லை. கடைசியில் வைதேகி மேடமே தராசைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். நானும் பின்னால் போனேன்.

“பாய், தராச எடுத்துண்டு வந்திருக்கேன். வேணுங்கறத நிறுத்துக்கோங்கோ.”

“வாணாம் மேடம்” என்றார் பாய். கையில் ரெசின் பிரஷ். “இந்த வாட்டி எட பாக்கல.”

அடிப்பக்கத்தில் நான்கு அடுக்கு போட்டிருந்தார். உள்ளே ஃபோம் நிரம்பியிருந்தது. கைப்பிடிக்குக் கெட்டியாக மெத்தை சுற்றியிருந்தார். துளை போட்ட போல்ட்டுகளை எல்லாம் மாற்றிவிட்டார். சேகருக்கு ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட். எல்லாம் எத்தனை கிலோ என்று நான் கேட்டதற்கு, “சொம்மா இரு சார்” என்று மட்டும் சொன்னார்.

தையல் ஆறியதும் சேகர்தான் வற்புறுத்தினார். “எகிறிச்சில்ல பாய், இன்னும் கொஞ்சம் எகிறினா திரும்பிடும். எனுக்குத் தெரிஞ்சிபோச்சி.” பாய் முடியாது என்றார். கடைசியில் மிஷினைத் தேவியிடம் காட்டுவது என்று முடிவாயிற்று. அவர் குப்பத்து மணலில் அதைக் கையால் தட்டிப் பார்த்தார். திருப்தி இல்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேலே ஏறி மூன்று முறை குதித்தார். விரிசல் விழவில்லை.

“ம்... போட்டும்” என்றார்.

அன்று வெயில் தாழ்ந்த நேரம். நல்ல அலை. வைதேகி மேடம் குடையோடு வந்திருந்தார். வீடியோ எடுக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்த பாய், “ஆடாத சார், கரணம் முய்சா வரணும்” என்று பத்து முறை சொன்னார். நான் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். சேகர் இரண்டு அலைகளை விட்டார். மூன்றாவது பெரிதாக எழுந்தது. இன்ஜின் அலறியது. மிஷின் செங்குத்தாக எழும்புவதை நான் பார்த்தேன்.

அந்த நேரத்தில் பக்கத்தில் ஏதோ முனகல் கேட்டது. திரும்பினேன். பாய் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, குனிந்து, உருதுவில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

குப்பம் முழுவதும் ஓவென்று கத்தியது. தேவி முந்தானையைச் சுழற்றினார். வைதேகி மேடம் குடையை விட்டெறிந்துவிட்டு, “திரும்பிடுத்து! முழுசாத் திரும்பிடுத்து!” என்று குதித்தார். சேகர் தண்ணீரில் நின்றபடி கையை ஆட்டிக்கொண்டு வந்தார்.

பாய் விரல் இடுக்கு வழியாகக் கேட்டார்: “ஆளு நல்லாக்கீறானா?”

“நல்லாருக்கார் பாய். நீங்க பாக்கலையா?”

“எப்டி சார் பாக்கறது? மேல ஆளு கீறான்ல!” கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஆசையாகக் கை நீட்டினார். “வீடியோ போடு. அதுல பாத்துக்கறேன்.”

போட்டேன். அலை வந்தது. மிஷின் எழும்பியது. உடனே கடல் காணாமல் போய், முகத்தை மூடிக்கொண்டு நிற்கும் நூற்று நான்கு கிலோ மனிதர் ஒருவர் திரை முழுவதும் வந்தார். கடைசி வரை அவர்தான்.

“இன்னா சார் இது! கரணம் எங்க? பேஜாராக்கீது! கடல வுட்டுட்டு என்னப் போய் எட்துக்கீற!”

ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. சேகர் அதற்குப் பிறகு எத்தனையோ முறை கரணம் அடித்துவிட்டார். நல்ல வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. என் போனில் இடம் இல்லை என்று வரும்போதெல்லாம், அந்த முதல் வீடியோவைத் தொடாமல், அவற்றைத்தான் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வருகிறேன்.