புகைபோக்கியில் வாத்து

நீராவிக் குளியல் அறையான சௌனாவின் அடுப்பைப் பற்றவைக்கக் குனிந்த ஆர்வோவின் மூக்கில் ஒரு சிறகு வந்து விழுந்தது. அடுப்புக்குள் தலையை நுழைத்து அண்ணாந்து பார்த்தார். புகைபோக்கி இருட்டிலிருந்து ஒரு மஞ்சள் கண் அவரை முறைத்தது.

"பொன்கண் வாத்து அடைகாக்குது! புகைபோக்கி மூடி எங்கய்யா போச்சு?"

"காத்துல பறந்திருக்கும்" என்றார் படகோட்டி ஓஸ்மோ, ஏரியைப் பார்த்தபடி.

வேறு யாராவது என்றால் வாத்தை விரட்டியிருப்பார்கள். ஆர்வோ அந்த ஏரிக்கரைச் சரணாலயத்தின் காவலர். கூட்டைக் கலைக்காதீர் என்று ஊரெல்லாம் பலகை நட்டவரே அவர்தான். சத்தமில்லாமல் அடுப்புக் கதவைச் சாத்தினார்.

ஆனால் நடுக்கோடைத் திருநாள் நெருங்கிவிட்டது. கரையில் காபிக் கடை நடத்தும் ஹெல்லெவி, இந்தக் கோடையோடு கடையை மூடிவிட்டுத் தங்கை ஊருக்கே போகப்போவதாகப் பேச்சு. 'போகாதீங்க' என்று அவளிடம் சொல்லியாக வேண்டும். அவளைக் கண்டாலே ஆர்வோவுக்கு வாய் பூட்டிக்கொள்ளும். சௌனா வெக்கையில் வியர்த்து, ஏரியில் முங்கி, வாசல்படியில் உட்கார்ந்தால்தான் நாக்கு அவிழும் என்பது அவர் நம்பிக்கை.

இத்தனைக்கும் வருஷா வருஷம் திருநாள் சௌனாவுக்கு அவளை அழைத்தவர்தான். முதலில் அவள் குளிப்பாள், அப்புறம் இவர். பிறகு இருவரும் படியில் உட்கார்வார்கள். வார்த்தைகளைக் கோத்துக்கொள்ள ஒரு நிமிஷம் கண்ணை மூடுவார். திறந்தால் அவள் போயிருப்பாள். தோளில் ஒரு கம்பளி மட்டும் இருக்கும்.

இந்த முறை விடக்கூடாது என்று மணல்கரையில் கூடாரம் அடித்து அதில் சௌனா போடப் பார்த்தார். மறுநாள் விறகோடு போனால், அடுக்கிவைத்த கற்களுக்கு நடுவே ஓர் உள்ளான் பறவை முட்டையிட்டிருந்தது. கூடாரத்தைப் பிரித்து, சுற்றிலும் கயிறு கட்டினார். குளிக்க வந்த குடும்பங்கள் முணுமுணுத்தன.

அடுத்து, மிதவை மேல் கட்டிய சௌனா ஒன்றை இரவல் வாங்கிப் படகுத்துறையில் நிறுத்தினார். கொண்டை முக்குளிப்பான் ஜோடி ஒன்று மிதவைக் கயிற்றிலேயே நாணலைச் சேர்த்துக் கூடு கட்டிக்கொண்டது. அங்கேயும் கயிறு.

"துறையை மூடிட்டா நான் எங்கய்யா படகு விடுறது?" என்றார் ஓஸ்மோ.

"அதை அந்த முக்குளிப்பான்கிட்ட கேளு!"

ஹெல்லெவி மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாள். "விடுங்க ஆர்வோ. ஒரு வருஷம் சௌனா இல்லாட்டி குடியா முழுகிடும்?"

'முழுகிடும்' என்று நினைத்துக்கொண்டார்.

திருநாள் வந்தது. கரை முழுக்க ஆர்வோவின் கயிறுகள். சௌனா வாசலில் இரண்டு பேர் உட்காரும் ஒரு பெஞ்சு மட்டும்தான் மிச்சம். அதில் இருவரும் காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஓஸ்மோ பக்கத்தில் சாசேஜ் வாட்டிக்கொண்டிருந்தார்.

"அப்புறம்?" என்றாள் ஹெல்லெவி.

"அப்புறம்... வாத்துதான்" என்றார் ஆர்வோ, பரிதாபமாக.

அப்போது உள்ளே 'கீச் கீச்' என்று சத்தம் கேட்டது. இருவரும் ஓடினார்கள். ஆர்வோ அடுப்புக் கதவைத் திறந்ததுதான் தாமதம், கரி பூசிய குஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொப் தொப்பென்று விழுந்தன. உடம்பை உதறிக்கொண்டு, ஹெல்லெவியின் செருப்பின் மேலேறி இறங்கி, படி தாண்டி, தாய் கூப்பிட்ட திசையில் தண்ணீருக்குள் குதித்தன. ஹெல்லெவி அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஹெல்லெவி, போகாதீங்க. எங்கூடவே இருந்துடுங்க."

சொன்னது தான்தானா என்று ஆர்வோவே திரும்பிப் பார்த்தார். வியர்வையில்லை, முங்கலில்லை. இத்தனை வருஷம் நெஞ்சை அடைத்த பாரம் அப்படியே இறங்கிவிட்டது.

"போகல" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஆர்வோவுக்குத் தலைகால் புரியவில்லை. "அடுப்பு காலியாயிடுச்சே! இதோ, இப்பவே சௌனா போட்டுடறேன்!" என்று விறகை அள்ளிக்கொண்டு வந்தார்.

ஓஸ்மோ குறுக்கே வந்து நின்றார். "விறகைக் கீழ வையிய்யா! ஏதாவது வாத்து வந்து உக்காரட்டும்னு வசந்தத்துலயே ஏணி போட்டு மூடியைக் கழட்டினதே அவதான். சௌனா முடிஞ்சதும் வருஷா வருஷம் நீ படியிலயே குறட்டை விட்டா, அவ எப்பதான்யா உன் பேச்சைக் கேக்குறது?"