ஃபர்ஸ்ட் குவாலிட்டி காளான்

நல்லது கெட்டதை இனம் பிரிக்கத் தெரிந்தவர்கள் இவ்வுலகில் இரண்டே பேர். ஒருவர் எமதர்மன். மற்றவர், 1968-ல் நல்லூரில் பொங்கியண்ணனின் பனியன் கம்பெனியில் 'செக்கிங் மாஸ்டர்' பதவியை அலங்கரித்த அர்த்தநாரி. எமனுக்காவது சித்திரகுப்தன் துணை வேண்டும். அர்த்தநாரிக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்பு போதும்; தேறிய பனியனுக்கு 'ஃபர்ஸ்ட் குவாலிட்டி' என்று குத்துவார், பழுதானதை 'செகண்ட்ஸ்' என்று ஒதுக்குவார்.

ஐப்பசி மழையில் கம்பெனிக்குப் பின்னால் காளான் கிளம்பியது. பனியன் மடிக்கிற வேலாத்தாள், கறையான் புற்றில் முளைத்ததாகப் பார்த்து ஒரு கூடை பறித்து வந்தாள். முதலாளிக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஆனால் மாஸ்டர் 'செக்' பண்ணாத சரக்கு எப்படி உள்ளே போகும்? அர்த்தநாரி மூக்குக் கண்ணாடியை மாட்டினார்.

"கலர் மங்கல். மண்ணுக் கறை வேற. செகண்ட்ஸ்!"

கூடையை ஒதுக்கிவிட்டு, தாமே வேலியோரம் போய், சலவைக்குப் போட்டெடுத்த மாதிரி பளிச்சென்றிருந்த பத்துக் காளானைப் பிடுங்கி வந்தார். காகிதத்தில் சுற்றி, மேலே ஸ்டாம்பைக் குத்தினார்.

"பால் வெள்ளைங்க மொதலாளி. ஒரு ஓட்டை இல்லை. ஃபர்ஸ்ட் குவாலிட்டி!"

வேலாத்தாள் பதறிப்போனாள். "ஐயோ, அது ஆகாதுங்க மாஸ்டர்! அடியில பையாட்டம் இருக்குது பாருங்க. தின்னா ஆளே போயிருமுங்க."

"நீ எத்தனாவது படிச்ச?"

"படிக்கலீங்க."

"அப்பச் சும்மா இரு."

முதலாளி பொட்டலத்தை மாஸ்டர் பக்கமே தள்ளினார். "ஸ்டாம்பு போட்டது நீங்கதானுங்களே மாஸ்டர். ஆக்கித் தரச் சொல்றேன், மொத வாய் நீங்களே சாப்பிடுங்க."

அர்த்தநாரி ஓரடி பின்னால் நகர்ந்தார். "இன்னைக்குச் சஷ்டி விரதமுங்க..."

"சஷ்டி முந்தாநேத்தே போச்சுங்க" என்றாள் வேலாத்தாள்.

மாஸ்டருக்கு வியர்த்துக் கொட்டியது. சட்டையைக் கழற்றி விசிறிக்கொண்டார். உள்ளே போட்டிருந்த பனியனின் லேபிள் பிடரியில் துருத்திக்கொண்டு நின்றது. முதலாளி கிட்டே போய் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"கல்... கத்... தா. ஏனுங்க மாஸ்டர், நீங்க போடறது கல்கத்தாப் பனியனுங்களா? நம்ம ஃபர்ஸ்ட் குவாலிட்டி என்னாச்சுங்க?"

பயத்தில் அர்த்தநாரியின் வாயிலிருந்து உண்மை தவறி விழுந்தது. "அது ரெண்டு தண்ணி தொவைக்கத் தாங்காதுங்க மொதலாளி."

வேலியோரக் காளானைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். வேலாத்தாளின் 'செகண்ட்ஸ்' குழம்பை முதலாளி இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதற்காக மாஸ்டரின் திறமையைக் குறை சொல்லிவிட முடியுமா? தம் உடம்புக்கு ஆகாதது எது என்று பத்தொன்பது வருடமாக ஒரு நாளும் தவறாமல் கண்டுபிடித்து, ஸ்டாம்பு குத்தி ஊராருக்கு அனுப்பிவைத்தவரல்லவா அவர்!